கொடைக்கானலில் மூன்று நாள்: காலையில் மலை விளிம்பு, மாலையில் ஏரி

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து வயதான அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு முதல்முறையாகக் கொடைக்கானல் போகிறீர்கள். கையில் மூன்று நாள். மே விடுமுறையில் போவதா, வேறு மாதமா? ஏரிப் பக்கம் தங்குவதா, தள்ளித் தங்குவதா? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

அந்த ஊரில் குடியிருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாதத்தையும் ஹோட்டலையும் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதைவிட எந்த நேரத்துக்குப் போகிறோம் என்பதுதான் கணக்கு. தூண் பாறையைப் பார்க்கப் போய் வெறும் வெள்ளைப் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "அங்கே ஒண்ணுமே இல்லை" என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் போனது பெரும்பாலும் மதியம் இரண்டு மணி வாக்கில்.

காரணம் ஊர் இருக்கும் இருப்பு. பழனி மலைத்தொடரின் மேலே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம். அதன் தெற்கு ஓரத்தில் ஊர். அந்த ஓரம் அப்படியே செங்குத்தாக வைகைச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. கோக்கர்ஸ் வாக், பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை எல்லாம் இந்த விளிம்பில் வரிசையாக இருப்பவை. வெயில் ஏற ஏற, கீழே பெரியகுளம், தேவதானப்பட்டி பக்கம் சூடாகும் காற்று மலைச்சுவரைப் பிடித்து மேலே ஏறும். ஏறும்போது குளிரும், குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் மேகமாகும். அதனால் பல நாட்களில் பதினொரு மணிக்கு மேல் விளிம்பு முழுக்க மூடிவிடும். ஏரி அப்படியில்லை. விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மேடுகளுக்கு நடுவே தாழ்வில் கிடக்கிறது. பனிமூட்டம் வந்தாலும் ஏரிக்கரைக்கு அழகுதான், பார்வை பறிபோவதில்லை. ஆகவே காலையில் விளிம்பு, மதியத்துக்கு மேல் ஏரி. இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் போட்டாலே பாதிப் பயணம் சரியாகிவிடும்.

இனி மாதம். வேறு வழியே இல்லை என்றால்தான் மே. ஏப்ரல், மே இரண்டும் சீசன். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி மே மாதத்தில்தான், பூக்கள் உண்மையாகவே பிரமாதமாக இருக்கும். ஆனால் அறை வாடகை எகிறும், வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊருக்குள் நுழையவே வண்டிகள் ஊர்ந்து வரும். வயதானவர்களைக் காரில் மணிக்கணக்காக உட்கார வைப்பது அவர்களுக்குத் தண்டனை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை; மலைச்சாலையில் மரம் விழும், மண் சரியும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது சாலைகள் துண்டிக்கப்பட்டு ஊரே தனித்து நின்றது. டிசம்பர் கடைசி வாரம் கூட்டம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏரியை ஒட்டிய புல்வெளிகளில் உறைபனி விழுவதும் உண்டு. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், உங்கள் அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் வேண்டாம்.

என்னைக் கேட்டால் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வானம் தெளிவாக இருக்கும், விளிம்பிலிருந்து வைகை அணை வரை தெரியும். பள்ளி விடுமுறைதான் தடை என்றால், காலாண்டுத் தேர்வு விடுமுறையும் மோசமில்லை. மழை கொஞ்சம் நனைக்கும், ஆனால் மலை பச்சைப்பசேல் என்று இருக்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும்.

எந்த மாதம் போனாலும் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், தேதி, தங்கும் இடம் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். 2025 சீசனில் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அதனால் அறையை முன்பதிவு செய்த கையோடு பாஸையும் எடுத்துவிடுங்கள், கிளம்புமுன் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறி, விடியற்காலையில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்குவது நல்ல வழி. பெயரைப் பார்த்து ஊர் பக்கத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைக்கு மேலே சுமார் 80 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் இறங்கினால் வாடகை வண்டி சுலபமாகக் கிடைக்கும். பழனியிலிருந்தும் 64 கிலோமீட்டரில் ஒரு சாலை உண்டு, அழகானது, ஆனால் குறுகலானது. மலைச்சாலை பழக்கமில்லாத ஓட்டுநர் என்றால் வத்தலக்குண்டு வழியே வாருங்கள். பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்து ஏற்றாதீர்கள்; இரண்டு இட்லி போதும். டம் டம் பாறையில் வண்டியை நிறுத்துங்கள். எதிரே தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள், கிட்டத்தட்ட 300 மீட்டர் ஒரே கோடாக விழுவது தெரியும். தமிழ்நாட்டின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. பலர் தூங்கிக்கொண்டே அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

அதற்கு மேலே, ஊர் நெருங்கும்போது வரும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லோரும் நிறுத்துவார்கள். ஏரியின் உபரித் தண்ணீர்தான் அங்கே 180 அடியில் விழுகிறது. அதாவது ஊரைக் கடந்து வந்த தண்ணீர். பாருங்கள், படம் எடுங்கள். பிள்ளைகளை அதில் இறக்காதீர்கள், முகம் கழுவவும் வேண்டாம். அங்குள்ள குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும்.

தங்குவது ஏரியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். ஏழு ரோடு சந்திப்பு, பேருந்து நிலையம், ஏரி, இந்த மூன்றுக்கும் நடுவே என்றால் உங்கள் குடும்பத்துக்கு மிகப் பொருத்தம். தள்ளியுள்ள காட்டேஜ்களின் படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் வண்டி எடுக்க வேண்டும், இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் இருட்டான சரிவுச் சாலையில் இறங்கி வர வேண்டும். ஊரை விட்டுத் தள்ளியுள்ள வட்டக்கானல் இளைஞர்களுக்குச் சரி. அப்புறம், விடுதிக்கு முறையான உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த மலையில் அனுமதியில்லாத கட்டடங்கள் ஒரு பெரிய பிரச்சினை. நீதிமன்ற உத்தரவால் பல விடுதிகளுக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூடுதல் கம்பளி தருவார்களா, அறை தரைத்தளத்திலா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மின்சார ஹீட்டர் எல்லா இடத்திலும் இருக்காது.

இப்போது ஏரி. அது இயற்கை ஏரி இல்லை என்று பலருக்குத் தெரியாது. மலை ஊரே பழையதல்ல. பளியர் போன்ற மலைவாழ் மக்கள் காலங்காலமாக இருந்த மலைக்கு, 1821-இல் பி.எஸ். வார்டு என்ற ராணுவ அதிகாரி நில அளவைக்காக ஏறினார்; 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே வீடு கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் சதுப்புத் தாழ்வில் ஓடைகளை மறித்துக் கரை போட்டார். தண்ணீர் ஒவ்வொரு ஓடைப் பள்ளத்துக்குள்ளும் புகுந்து நின்றதால்தான் ஏரிக்கு நட்சத்திரம் போன்ற வடிவம் வந்தது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். அப்போது வண்டிச்சாலை கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில், வசதியுள்ளவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலியாட்கள் தூக்கி வந்த காலம். ஊரின் வரலாற்றில் அந்தத் தோள்களுக்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும்.

ஏரியைச் சுற்றிச் சாலை சுமார் 5 கிலோமீட்டர், ஏறக்குறையச் சமதளம். படகு சவாரி எல்லோரும் செய்வது, செய்யுங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகு இல்லமும் வேறு படகு குழாம்களும் உள்ளன. மிதிபடகும் துடுப்புப் படகும் கிடைக்கும். அப்பா அம்மாவைத் துடுப்புப் படகில் ஆளோடு ஏற்றுங்கள். மிதிபடகு முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் ஏரியின் உண்மையான இன்பம் படகு இல்லை, அந்தச் சுற்றுச்சாலையில் நடப்பதுதான். கடைத்தெருப் பகுதியைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விட்டால் சத்தம் அடங்கிவிடும். ஓங்கிய மரங்கள், நீரில் அல்லி இலைகள், பழைய பங்களாக்களின் கல் சுவர்கள். பெரியவர்கள் பாதி நடந்து உட்காரட்டும், பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுங்கள். குதிரை சவாரி பிள்ளைகள் கேட்பார்கள். ஏறும் முன்பே தூரமும் பணமும் பேசிவிடுங்கள், குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடப்பதாக இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். மாலையில் அவித்த சோளக்கதிர், மிளகாய் பஜ்ஜி, சூடான டீ. அந்தக் குளிரில் அவற்றின் ருசியே தனி.

ஏரியை ஒட்டியே பிரையண்ட் பூங்கா. 1908-இல் பிரையண்ட் என்ற வன அதிகாரி திட்டமிட்டது, சுமார் 20 ஏக்கர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளிம்பு மூடிக்கிடக்கும் நேரத்தில் போக வேண்டிய இடம். ஒரு மணி நேரம் போதும்.

கோக்கர்ஸ் வாக்கை மட்டும் இரண்டு முறை போகச் சொல்வேன். லெப்டினன்ட் கோக்கர் 1872-இல் அமைத்த, மலை விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒரு கிலோமீட்டர் நடைபாதை. ஏற்றம் அதிகமில்லை, உங்கள் பெற்றோருக்குக் கச்சிதம். காலையில் நுழைவு திறந்தவுடன் போனால் கீழே சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும். இன்னொரு முறை, மாலையில் முதுகுப்புறம் வெயில் அடிக்கும்போது, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்திருந்தால் போய் நில்லுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் நிழல் மேகத்தின்மேல் விழும், அதைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். மேகத்திலுள்ள நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது. ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றி மட்டுமே வளையம் தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். அந்த விளையாட்டிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

பன்னிரண்டு மைல் சுற்று என்று வண்டிக்காரர்கள் ஒரு பட்டியல் காட்டுவார்கள். பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை, குணா குகை, பைன் மரக்காடு, மோயர் பாயிண்ட். இதற்கு ஒரு காலை போதும், ஆனால் அது உண்மையிலேயே காலையாக இருக்க வேண்டும். ஏழரைக்கு அறையை விட்டுக் கிளம்புங்கள். முதலில் தூண் பாறைக்குப் போய்விடுங்கள். சுமார் 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் பள்ளத்திலிருந்து நிமிர்ந்து நிற்பதை வெயில் பட்டுப் பார்க்க வேண்டும். திரும்பி வரும் வழியில் மற்றவற்றைப் பாருங்கள். நேரம் குறைந்தால் குணா குகையை விட்டுவிடலாம், குகைக்குள் அனுமதி கிடையாது, கம்பி வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். டால்பின் நோஸ் என்ற பாறை முனை வேண்டவே வேண்டாம். வேர்களும் கற்களுமான செங்குத்துச் சரிவில் இறங்கி, அதே வழியில் ஏற வேண்டும், பெரியவர்களால் முடியாது.

பைன் காட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். ஆனால் அது இந்த மலையின் காடு இல்லை என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். 1900-களின் தொடக்கத்தில் நட்டவை அந்த மரங்கள். தரையைப் பாருங்கள், ஊசி இலைக் குப்பைக்குக் கீழே ஒன்றும் முளைத்திருக்காது. இந்த மலையின் சொந்தக் காடு சோலைக்காடு: குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, உள்ளே நுழைந்தால் இருட்டு, காலடியில் ஈரம். சோலையும் அதைச் சுற்றிய புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடையாகக் கசியவிடும். கீழே பெரியகுளத்து வயலுக்கும் குடத்துக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்களுக்குப் பலியாகிவிட்டது. எனக்கு இந்த மலையைப் பற்றிய மிகப் பெரிய வருத்தம் இதுதான். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி கிடைத்தால், போகும் வழியில் மதிகெட்டான் சோலையைப் பார்ப்பீர்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அனுமதிச் சீட்டுக்கு வரம்பு உண்டு, யானை நடமாட்டம் இருந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். கிடைத்தால் போங்கள், கிடைக்காவிட்டால் வாதாட வேண்டாம்.

குறிஞ்சிப் பூவைப் பலரும் கேட்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கே 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்தது 2030. பூ இல்லாத ஆண்டிலும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, மேலைநாட்டுப் பெண்மணி, இந்துவாக மாறி லீலாவதி என்று பெயர் கொண்டவர், 1936-இல் கட்டிய முருகன் கோயில். தெளிவான காலையில் கோயிலருகே நின்றால் வடக்கே பழனி மலை தெரியும்.

பெரிய பையனோ பெண்ணோ அறிவியலில் ஆர்வம் உள்ளவர் என்றால் சூரிய ஆய்வகத்தை விடாதீர்கள். 1876–78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதிலிருந்து வளர்ந்த யோசனைதான் 1899-இல் இங்கே ஆய்வகமானது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது இந்த மேட்டில்தான். நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே பூம்பாறை, மன்னவனூர். சாலை ஓரத்திலிருந்து பார்த்தால் படிப்படியான வயல்களுக்கு நடுவே பூம்பாறை வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். குழந்தை வேலப்பர் கோயில் இங்கே. மூலவர் சிலையைப் போகர் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. கேரட், உருளை, பூண்டு எல்லாம் விளையும் ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏரிக்கரைக் கடையில் வாங்குவதைவிட இங்கே விவசாயியிடம் வாங்குங்கள். பல் சிறியது, இறுக்கமானது, காரமும் மணமும் அதிகம், மாதக்கணக்கில் கெடாது. இன்னும் தள்ளி மன்னவனூரில் ஒரு சின்ன ஏரி, சுற்றிலும் திறந்த புல்மேடு, மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை. கொடைக்கானல் ஏரிக்கரையில் கிடைக்காத அமைதி அங்கே உண்டு. பிள்ளைகளுக்கு மூன்று நாளில் மிகவும் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

சில எச்சரிக்கைகள். காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலாவும், ஏரிச்சாலையிலும் வரும். சாது போல நிற்கும், ஆனால் ஆளைத் தூக்கி வீசும் பலம் உண்டு. பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம். இருட்டிய பின் நடக்கும்போது டார்ச் கட்டாயம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளது, சோதனையில் அபராதம் போடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். அப்பாவுக்கு இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் கிளம்புமுன் மருத்துவரைக் கேட்டு, மருந்துகளை ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட் வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டது நிறைய விற்கிறது. சீசனில் பிளம்ஸ், பேரிக்காய் நன்றாக இருக்கும். மலைவாழைப்பழத்தை ஊருக்குள் வாங்காமல், இறங்கும்போது பெருமாள்மலை, பண்ணைக்காடு பிரிவுப் பக்கம் வாங்குங்கள். கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட்டால் பனிமூட்டமும் இருட்டும் சேர்வதற்குள் வத்தலக்குண்டு வந்துவிடலாம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.